மெதுவாகப் பறப்பதுதான் ஆபத்து: காட்டுக் கணக்கெடுப்பு ஹெலிகாப்டர்கள் விழுவது எப்படி?

பொங்கல் விளையாட்டுப் போட்டிகளில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் பார்த்திருப்பீர்கள். கடைசியாகக் கோட்டைத் தொடுகிறவருக்குத்தான் எவர்சில்வர் குடம். வேகமாக மிதிக்கிற பந்தயத்தைவிட இதில்தான் அதிகம் பேர் காலை ஊன்றி வெளியேறுவார்கள். ஓடுகிற சைக்கிள் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். ஊர்கிற சைக்கிளை ஒவ்வொரு நொடியும் நாம்தான் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஓரத்தில் நிற்கும் நண்பன் கூப்பிட்டானே என்று ஒரு கணம் திரும்பினால், முடிந்தது.

ஹெலிகாப்டருக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். அந்தரத்தில் அசையாமல் நிற்கிற ஹெலிகாப்டரைப் பார்த்தால் ஓய்வாக நிற்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது அப்போதுதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உழைக்கிறது. காட்டின் மேல் மரங்களையும் விலங்குகளையும் எண்ணப் போகும் ஹெலிகாப்டர்கள் பறக்க வேண்டிய விதமே இதுதான்: தாழ, மெல்ல, அடிக்கடி நின்று, வட்டமடித்து. உள்ளே இருப்பவர்களின் கண்ணெல்லாம் கீழே.

2010 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் அப்படி ஒரு ஹெலிகாப்டர் விழுந்தது. சியரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரம், ஆபெரி என்ற சிற்றூருக்குப் பக்கம். மாநில மீன் மற்றும் வேட்டை விலங்குத் துறைக்காக மான்களைக் கணக்கெடுக்கப் போன பெல் 206 ரகம். விமானி ஒருவர், துறை ஊழியர்கள் மூவர். மலைப்பகுதியைக் கடந்து செல்லும் மின்கம்பியில் மோதி நால்வரும் இறந்தார்கள். கம்பியில் மோதியது விமானியின் கவனக்குறைவு என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் இந்த வேலையின் இயல்பைத் தெரிந்துகொண்டால் அந்த ஒரு வரி போதாது என்று புரியும். அதைத்தான் இங்கே அடிப்படையிலிருந்து பார்க்கப் போகிறோம்.

முதலில், எதற்கு இந்த வேலைக்கு ஹெலிகாப்டர்? நம் ஊரில் காட்டைக் கணக்கெடுப்பது என்றாலே நடைதான். யானைக் கணக்கெடுப்பு என்றால் விடியற்காலையில் நேர்கோட்டில் நடப்பார்கள், சாணக் குவியலை எண்ணுவார்கள், நீர்நிலை ஓரம் காத்திருப்பார்கள். காட்டின் பரப்பை அளக்கச் செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கைக்கு அவைதான் ஆதாரம். அதனால் காட்டை எண்ண ஹெலிகாப்டரா என்று நமக்கு விநோதமாகத் தோன்றலாம்.

வட அமெரிக்காவில் நிலைமை வேறு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களில் தொடங்கி அங்கே பைன் மரங்களை ஒரு வண்டு அழித்தது. அரிசி மணி அளவுதான் இருக்கும். மரப்பட்டைக்குள் துளைத்துப் போய் முட்டையிடும். அது பாதித்த காட்டின் பரப்பு 1.8 கோடி ஹெக்டேருக்கு மேல். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1.3 கோடி ஹெக்டேர்தான். சாலையே இல்லாத அந்த மலைக்காட்டை எத்தனை பேர், எத்தனை நாள் நடந்து பார்ப்பது?

வண்டு புகுந்த மரம் முதல் கோடையில் பச்சையாகவே நிற்கும். அடுத்த ஆண்டு இலைகள் செங்கல் நிறத்துக்கு மாறும். அதற்கும் அடுத்து, இலை உதிர்ந்து சாம்பல் நிறம். மேலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளத்தில் குங்குமம் சிந்தியதுபோல அந்தச் சிவப்புத் திட்டுகள் பளிச்சென்று தெரியும். இறக்கை விமானத்தில் ஆயிரம், இரண்டாயிரம் அடி உயரத்தில் பறந்து, ஜன்னல் வழியே பார்த்தபடி மடியில் விரித்த வரைபடத்தில் திட்டுகளைக் குறிப்பது பழைய முறை. அமெரிக்காவின் ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் 1947 முதலே இப்படிக் கணக்கெடுக்கிறார்கள். இப்போது காகித வரைபடத்தின் இடத்தில் டேப்லெட் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அது மேலோட்டமான கணக்கு. எந்த மரம், எத்தனை மரம், சரியாக எந்த இடம் என்று தெரிய வேண்டுமானால் ஹெலிகாப்டர் தேவை. ஒவ்வொரு திட்டுக்கும் மேலே போய் நின்று, ஜிபிஎஸ் புள்ளி எடுத்து, சிவந்த மரங்களை எண்ணி, அடுத்த திட்டுக்குப் போக வேண்டும். மான், மூஸ் என்ற பெரிய மான் வகை, காட்டு ஆடு எண்ணுவதும் இதே மாதிரிதான். நூறு, இருநூறு அடி உயரத்தில் மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகம். புதருக்குள் ஏதோ அசைந்தால் ஒரு வட்டம். கிடாவா, பெட்டையா, குட்டி இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு வட்டம்.

இப்போது இயந்திரத்துக்கு வருவோம்.

ஹெலிகாப்டர் மேலே நிற்பது காற்றைக் கீழே தள்ளித்தான். தலைக்கு மேல் சுழலும் பெரிய இறக்கைகளை ரோட்டார் என்கிறோம். அது மேலிருந்து காற்றை இழுத்துக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலின் எதிர்விசையில் ஹெலிகாப்டர் தொங்குகிறது. ஒரே இடத்தில் நின்றால் தான் ஏற்கனவே கீழே தள்ளிய, இறங்கிக்கொண்டிருக்கும் காற்றிலேயே ரோட்டார் மறுபடி மறுபடி உழைக்க வேண்டியிருக்கிறது. சேற்று வயலில் நின்றால் கால் புதைந்துகொண்டே போகும். நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் புதுமண் கிடைக்கும் இல்லையா, அந்த மாதிரி. முன்னே நகரத் தொடங்கினால் ரோட்டாருக்குப் புதுக்காற்று கிடைக்கிறது. மணிக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டரைத் தாண்டும்போது ஹெலிகாப்டர் லேசாகத் தூக்கிக்கொள்வதை உள்ளே இருப்பவர்களே உணர முடியும்.

சிறிய ஹெலிகாப்டர்களுக்குப் பறக்க மிகக் குறைந்த சக்தி தேவைப்படுவது பெரும்பாலும் மணிக்கு நூறு கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில். அதைவிட வேகமாகப் போனாலும் சக்தி அதிகம் வேண்டும், மெதுவாகப் போனாலும் அதிகம் வேண்டும். நின்றால் மிக அதிகம். கணக்கெடுப்பு ஹெலிகாப்டர் நாள் முழுக்க இருப்பது இந்தச் செலவு பிடித்த பக்கத்தில்தான்.

தரைக்கு மிக அருகே நின்றால் கொஞ்சம் சலுகை உண்டு. கீழே தள்ளிய காற்று தரையில் தடுபட்டு, ஹெலிகாப்டருக்கு மெத்தைபோல உதவும். ஆனால் காட்டு மரங்களின் தலை மேடும் பள்ளமுமாக, இடைவெளிகளோடு இருப்பதால் மெத்தை சரியாக அமையாது. இதோடு மலை உயரத்தையும் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயரம் கூடினால் காற்று மெலியும், சூடானாலும் மெலியும். மெலிந்த காற்றில் ரோட்டாருக்குப் பிடிப்பு குறைவு, எஞ்சினுக்கும் மூச்சு குறைவு. காலையில் நால்வரையும் முழு எரிபொருளையும் சுமந்து சிரமமில்லாமல் நின்ற அதே ஹெலிகாப்டர், மதியம் இன்னும் இரண்டாயிரம் அடி உயரமான ஒரு முகட்டின் மேல் நிற்க முடியாமல் தடுமாறலாம். அதில் எந்தப் பழுதும் இருக்காது.

சரி, எஞ்சின் நின்றுவிட்டால்? ஹெலிகாப்டர் கல்லைப்போல விழும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். விழாது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

திருவிழாவில் விற்கும் காகிதக் காற்றாடியைக் கையில் பிடித்துக்கொண்டு குழந்தை ஓடினால் அது தானாகச் சுழல்கிறது. மோட்டார் எதுவும் கிடையாது. எதிர்க்காற்றுதான் சுழற்றுகிறது. எஞ்சின் நின்ற ஹெலிகாப்டர் கீழே இறங்கும்போது கீழிருந்து மேலே பாயும் காற்று அதன் ரோட்டாரை இதே மாதிரி சுழற்றும். மகோகனி மரத்தின் இறக்கை வைத்த விதை நெற்றிலிருந்து கழன்று, சுழன்று சுழன்று, அவசரமில்லாமல் தரைக்கு வருவதைப் பார்த்திருந்தால் இது உடனே பிடிபடும். விமானிகள் இதை ஆட்டோரொட்டேஷன் என்பார்கள். எல்லா ஹெலிகாப்டர் விமானிகளும் பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

இதில் நொடிக்கணக்கு முக்கியம். விமானியின் இடது கையில் கலெக்டிவ் என்ற நெம்புகோல் இருக்கிறது. அதைத் தூக்கினால் ரோட்டார் இறக்கைகளின் சாய்வு கூடி, காற்றை அதிகம் வெட்டித் தள்ளும். தாழ்த்தினால் சாய்வு குறையும். எஞ்சின் நின்றதும் ஓரிரு நொடிக்குள் அதைத் தாழ்த்தியாக வேண்டும். தாமதித்தால் ரோட்டாரின் சுழற்சி குறைந்துபோகும். ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் அதை மீட்க வழியில்லை. பம்பரம் தலையாட்டத் தொடங்கிய பிறகு அதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்க முடியும்?

தாழ்த்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஹெலிகாப்டர் இறங்கத் தொடங்குகிறது, காற்று ரோட்டாரைச் சுழற்றுகிறது. நிமிடத்துக்கு 1500 முதல் 2000 அடி வரை இறக்கம் இருக்கும். தரை நெருங்கும்போது விமானி மூக்கைத் தூக்கி, முன்னோக்கிய வேகத்தைச் செலவழித்து இறக்கத்தை மட்டுப்படுத்துவார். கடைசிச் சில அடிகளில் கலெக்டிவைத் தூக்கி, ரோட்டாரில் சேர்ந்திருக்கும் சுழற்சியையும் செலவழித்து மெல்லத் தரையைத் தொடுவார். உயரம், வேகம், சுழற்சி: இந்த மூன்றும் அவரிடம் இருக்கும் கையிருப்பு. எஞ்சின் என்ற மாதச் சம்பளம் நின்றுபோன பிறகு இந்தச் சேமிப்பை வைத்துத்தான் வீடு போய்ச் சேர வேண்டும்.

ஆயிரம் அடி உயரத்தில் மணிக்கு நூறு கிலோமீட்டரில் போகிறவருக்கு எஞ்சின் நின்றால் அரை நிமிடம் கையில் இருக்கிறது. வெட்டவெளியைத் தேடலாம், காற்றின் திசைக்குத் திரும்பலாம், ரேடியோவில் ஒரு வார்த்தைகூடச் சொல்லலாம். நூற்றைம்பது அடியில், ஒரு சிவந்த பைன் மரத்தின் மேல் நின்றுகொண்டிருப்பவருக்கு? அவரிடம் முன்னோக்கிய வேகம் இல்லை. நிற்பதற்கே சக்தி அதிகம் எடுத்ததால் எஞ்சின் நின்ற மாத்திரத்தில் ரோட்டார் வெகு சீக்கிரம் தளரும். வேகத்தைத் திரட்ட மூக்கைத் தாழ்த்தலாம் என்றால் அதற்குக் கீழே இடம் வேண்டும். அது இல்லை. ஆறேழு நொடிக்குள் மரங்கள் வந்துவிடும்.

ஒவ்வொரு ஹெலிகாப்டரின் கையேட்டிலும் இதற்கென ஒரு வரைபடம் உண்டு. ஒரு பக்கம் உயரம், இன்னொரு பக்கம் வேகம். எந்த உயரமும் எந்த வேகமும் சேர்ந்தால் எஞ்சின் நிற்கும்போது பத்திரமாக இறங்குவது கடினமோ, அந்தப் பகுதியைக் கோடுபோட்டு அடைத்திருப்பார்கள். விமானிகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'டெட் மேன்ஸ் கர்வ்'. நம் பேச்சில் சொன்னால் 'செத்தவன் கோடு'. நின்ற நிலையில் பத்தடிக்குக் கொஞ்சம் மேலே தொடங்கி, ரகத்தையும் எடையையும் பொறுத்துச் சில நூறு அடி வரை அது நீளும். பத்தடிக்குக் கீழே இருந்தால் விழுந்தாலும் பிழைக்கலாம். மேலே தாண்டிவிட்டால் கையிருப்பு இருக்கும். நடுவில்தான் சிக்கல். கணக்கெடுப்பு நடப்பதும் அந்த நடுவில்தான். இது விதிமீறல்கூட இல்லை. பல வேலைகளில் அந்தப் பகுதிக்குள் போகாமல் முடியாது. அபாயம் தெரிந்தேதான் போகிறார்கள்.

ஆனால் எஞ்சின் நிற்பது அடிக்கடி நடப்பதில்லை. பெல் 206 போன்றவற்றில் இருக்கும் டர்பைன் எஞ்சின்கள் நம்பகமானவை. தாழ்வாகப் பறக்கிறவர்களை அதிகம் பயமுறுத்துவது கம்பி.

மின்கம்பி தெரியாமலா போகும் என்று கேட்கலாம். அடுத்த முறை பேருந்தில் போகும்போது, தூரத்தில் தெரியும் உயர் அழுத்த மின்கோபுரங்களைப் பாருங்கள். கோபுரம் தெரியும். நடுவில் கம்பி? வானம் பின்னணியாக இருந்தால் தெரியும். மலையும் மரமும் பின்னணியாக இருந்தால் கரைந்துவிடும். கோபுரத்தின் உச்சியில் இடிதாங்கியாக ஒரு தனிக்கம்பி போகும். அது மின்சாரம் கடத்தும் கம்பிகளைவிட மெல்லியது. கீழே தொங்கும் தடித்த கம்பிகளைப் பார்த்து அவற்றுக்கு மேலே ஏறிக் கடந்தால் போதும் என்று நினைப்பவரின் பாதையில் அது நிற்கும். மலைப்பகுதியில் இன்னும் மோசம். ஒரு கோபுரம் இந்த முகட்டில், அடுத்தது எதிர் முகட்டில், இரண்டையும் மரங்கள் மறைக்கும். பள்ளத்தாக்கில் பறப்பவரின் தலைக்கு நேரே ஒற்றைக் கம்பி குறுக்கே ஓடும்.

கம்பி இருக்கும் தூரத்தைக் கண்ணால் கணிப்பதும் கடினம். ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அதன் அளவை வைத்தும், ஓரங்களை வைத்தும் மூளை ஊகிக்கிறது. இரு பக்கமும் முடிவில்லாமல் நீளும் மெல்லிய கோட்டில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. அமெரிக்காவில் பொதுவாக 200 அடிக்குக் குறைவான உயரத்தில் இருப்பவற்றுக்கு விளக்கோ வண்ணக் குறியீடோ கட்டாயமில்லை. கணக்கெடுப்பு ஹெலிகாப்டர் பறப்பது அதே 200 அடிக்குள்.

கம்பியை முன்பே பார்த்துவிட்டால் தப்பிக்கலாம் என்பதும் முழு உண்மை இல்லை. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2001 முதல் 2010 வரை நடந்த கம்பி மோதல்களை ஆராய்ந்தது. மோதியவர்களில் பத்தில் ஆறு பேருக்கு அங்கே கம்பி இருப்பது முன்பே தெரியும். தெரிந்திருந்தும் மோதினார்கள். வயலுக்கு மருந்து தெளிக்கும் மும்முரத்திலோ வேறு எதையோ கவனித்தபோதோ அந்த ஒரு கணம் மறந்துவிட்டது. அடுப்பில் பால் வைத்தது தெரியாமலா பொங்க விடுகிறோம்?

கம்பியை வெட்டும் கருவி ஒன்று உண்டு. கனடாவில் 1970களின் பிற்பகுதியில் உருவானது. ஹெலிகாப்டரின் நெற்றியிலும் வயிற்றுப்பக்கமும் கத்தரி வாய்போல இரண்டு கூர்மையான கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். முகப்புக் கண்ணாடியில் மோதும் கம்பி வழுக்கிப்போய் அந்த வாய்க்குள் சிக்கி அறுபடும். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய எளிய கருவி. ஆனால் கம்பி நேராக வந்து மோத வேண்டும், ஹெலிகாப்டருக்குப் போதிய வேகமும் இருக்க வேண்டும். ஊர்ந்து போகிறபோது அறுக்கும் விசை இருக்காது. ரோட்டாரிலோ வாலிலோ கம்பி பட்டால் கொம்புகளுக்கு வேலையே இல்லை. மறுபடியும் பாருங்கள், மெதுவாகப் போகிறவருக்குத்தான் நஷ்டம்.

அப்புறம் காற்று. ஒரு மரத்தை நடுவில் வைத்து வட்டமடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் ஒரு பாதியில் காற்று எதிரே வரும், மறுபாதியில் முதுகில் வரும். முதுகில் காற்று தள்ளும்போது தரை வேகமாக ஓடுவதுபோலத் தெரியும். வேகம் அதிகமாகிவிட்டது என்று எண்ணி விமானி குறைப்பார். ரோட்டாருக்குத் தரையைப் பற்றி அக்கறை கிடையாது. தன் மீது படும் காற்றுதான் அதற்குக் கணக்கு. அந்தக் கணக்கில் வேகம் ஏற்கனவே குறைவு. இப்போது இன்னும் குறைந்து, புதுக்காற்றுச் சலுகையும் போய், சக்தித் தேவை திடீரென்று ஏறும். வால் விசிறிக்கும் இதே நேரத்தில் சோதனை வரும். ரோட்டார் ஒரு பக்கம் சுழன்றால் உடல் மறுபக்கம் சுழலப் பார்க்கும். அதைத் தடுத்துப் பிடிப்பது வாலில் இருக்கும் சின்ன விசிறி. பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரும் காற்று அதன் பிடியைக் கெடுத்தால், ஹெலிகாப்டர் யாரோ திருகிவிட்டதுபோலத் தானே சுழலத் தொடங்கும். ஆயிரம் அடியில் அதிலிருந்து மீளலாம். நூறு அடியில் நேரம் போதாது.

அலாஸ்கா விமானிகள் சிறிய விமானங்களில் நடக்கும் இதன் இன்னொரு வடிவத்துக்கு மூஸின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கீழே மூஸைப் பார்த்துக்கொண்டே வட்டத்தை இறுக்கி இறுக்கி, வேகம் செத்து விழுவதற்கு 'மூஸ் டர்ன்' என்று பெயர். எண்ண வந்த விலங்கின் பெயராலேயே அந்த விபத்தைக் கூப்பிடுகிறார்கள். எத்தனை முறை நடந்திருந்தால் இப்படி ஒரு பெயர் நிலைத்திருக்கும்!

இவ்வளவும் இல்லாமல், சின்ன விஷயங்களும் கொல்லும். நியூசிலாந்தின் வானாகா ஊரில் 2018 அக்டோபர் 18 அன்று, அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை ஊழியர் இருவரோடு ஒரு ஹியூஸ் 500 ரக ஹெலிகாப்டர் கிளம்பியது. நம் வரையாட்டின் இமயமலை உறவான தார் ஆடுகள் அங்கே கொண்டுபோய் விடப்பட்டுப் பெருகிவிட்டன. அவற்றைக் குறைக்கும் பணிக்காக அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்து மூவரும் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்தது: பறக்கும்போது பின்கதவு திறந்துகொண்டது. உள்ளே இருந்த ஓர் உடை வெளியே பறந்து வால் விசிறியில் சிக்கியது. ஒரு துணி. 2003 ஜனவரியில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மூஸ் கணக்கெடுப்புக்குப் போன ஹெலிகாப்டரில் ஹைட்ராலிக் அமைப்பு செயலிழந்து நால்வர் இறந்தார்கள். காரின் பவர் ஸ்டீயரிங் திடீரென்று போனால் சக்கரம் எப்படிக் கனக்குமோ, அப்படி ஹெலிகாப்டரின் பிடிகள் கனத்துவிடும். வேகத்தைக் குறைத்துத் தரையிறங்கப் போகும் நேரத்தில் அதைச் சமாளிப்பதுதான் இன்னும் கடினம்.

விழுந்த பிறகு காடே சாட்சியாகிறது. விசாரணையாளர்கள் முதலில் பார்ப்பது மரங்களை. கிளைகள் கத்தியால் சீவியதுபோலச் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால், மோதும்போது ரோட்டார் முழு சக்தியோடு சுழன்றுகொண்டிருந்தது என்று பொருள். வெட்டின் கோணத்திலிருந்து ஹெலிகாப்டர் எந்தப் பக்கம் சாய்ந்து வந்தது என்றும் கணக்கிடலாம். கிளைகள் வெறுமனே முறிந்து, ரோட்டார் இறக்கைகள் மேல்நோக்கி மடங்கியிருந்தால் சுழற்சி முன்பே தளர்ந்திருந்தது. எஞ்சினைப் பார்க்க வேண்டும். கம்பியில் மோதியிருந்தால், முறுக்குக் கம்பியின் இழைகள் இறக்கையின் வண்ணப்பூச்சில் சாய்கோடுகளாகப் பதிந்திருக்கும். எச்சரிக்கை விளக்கின் குமிழைக்கூட விடமாட்டார்கள். எரிந்துகொண்டிருந்த இழை மோதலின் அதிர்ச்சியில் நீண்டுவிடும், அணைந்திருந்தது நீளாது. அந்த ஒரு இழையிலிருந்து, கடைசி நொடியில் விமானியின் கண்முன் எந்த விளக்கு எரிந்தது என்று சொல்லிவிடுவார்கள்.

எத்தனை பேர் இப்படிப் போயிருக்கிறார்கள்? அமெரிக்காவில் வனவிலங்குப் பணியில் இறந்தவர்களைப் பற்றி ஒரு தொகுப்பு ஆய்வு 2003இல் வெளிவந்தது. 1937 முதல் 2000 வரை 91 பேர். புலி, கரடி, பாம்பு என்று ஊகிப்பீர்கள். மூன்றில் இரண்டு பங்குச் சாவுக்குக் காரணம் 39 விமான, ஹெலிகாப்டர் விபத்துகள். அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 2010 ஜூன் 21 அன்று பென்சில்வேனியாவின் லாக் ஹேவன் அருகே, பூச்சி தாக்கிய காட்டைப் பார்க்கப் போன வனத்துறைப் பணியின் சிறிய விமானம் விழுந்து மூவர் இறந்தார்கள். 2020 ஆகஸ்ட் 8 அன்று டெக்சஸின் பிளாக் கேப் பகுதியில் பெருங்கொம்பு ஆடுகளை எண்ணப் போன ஹெலிகாப்டர் விழுந்து மாநிலத் துறை ஊழியர் மூவர் இறந்தார்கள். விமானி மட்டும் பிழைத்தார்.

ஹெலிகாப்டர் விபத்து என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 2021 டிசம்பரில் குன்னூர் அருகே மேகத்துக்குள் நடந்தது. காட்டுக் கணக்கெடுப்பு பெரும்பாலும் அப்படி இல்லை. மேகம் இருந்தால் மரம் தெரியாது, அதனால் வானம் தெளிந்த நாளாகப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். நல்ல நாள், அனுபவமுள்ள விமானி, பழுதில்லாத இயந்திரம் என எல்லாம் சரியாக இருந்தும் விபத்து நடப்பதுதான் இதில் உறுத்துகிறது.

ஹெலிகாப்டரே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? ஓரளவுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மரங்களின் உயரத்தையும் அடர்த்தியையும் லேசர் கதிரால் அளக்கும் லைடார் கருவியை, உயரத்தில் பறக்கும் விமானத்தில் வைத்தே இயக்கலாம். செயற்கைக்கோள் படங்கள் இப்போது சிவந்த திட்டுகளைக் கண்டுபிடிக்கும் அளவுக்குத் துல்லியமாகியிருக்கின்றன. சிறிய பரப்புக்கு டிரோன் போதும். அது கம்பியில் மோதினால் போவது பணம் மட்டும். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரியும் மலைக்காட்டில் டிரோனின் பேட்டரி எத்தனை நேரம் தாங்கும்? அடர்ந்த ஊசியிலைக் காட்டின் நிழலில் படுத்திருக்கும் மூஸைக் கண்டுபிடிக்கும் பழகிய கண்ணுக்கு முழு மாற்று இன்னும் வரவில்லை.

அதனால் பறக்கத்தான் போகிறார்கள். மாறியிருப்பது பறக்கும் முறை. தேவையில்லாத ஒருவரைக்கூட ஏற்றுவதில்லை. அது எடைக்காகவும்தான், மற்றதற்காகவும்தான். எல்லோருக்கும் தலைக்கவசம், தீப்பிடிக்காத துணியில் தைத்த உடை. கையிருப்பு சக்தி எவ்வளவு என்று அன்றைய வெப்பநிலையையும் உயரத்தையும் வைத்துப் புறப்படும் முன்பே கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தரையில் இருப்பவருக்கு ரேடியோவில் இடத்தைச் சொல்ல வேண்டும். மரக்கூரையைத் துளைத்துக்கொண்டு விழுந்த ஹெலிகாப்டரை மேலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதால், மோதினால் தானே செயற்கைக்கோளுக்குக் குரல் கொடுக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் கருவி ஒன்று உள்ளே இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சுற்று உண்டு. ஒரு பள்ளத்தாக்குக்குள் இறங்கும் முன் உயரத்தில் நின்று அதை முழுதாக ஒருமுறை வலம் வருவார்கள். அந்தச் சுற்றில் யாரும் மரம் எண்ணுவதில்லை. கம்பி தேடுகிறார்கள், கம்பி தெரியாது என்பதால் கம்பத்தைத் தேடுகிறார்கள். காட்டின் நடுவே நேர்கோட்டில் மரம் வெட்டிய பாதை ஓடுகிறதா, ஒதுக்குப்புறமாக ஏதாவது வீடோ பம்பு அறையோ இருக்கிறதா, அதற்கு மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கிறார்கள். கண்டால் சத்தமாகச் சொல்ல வேண்டும்: "இடது பக்கம், பத்து மணி திசையில், கம்பம்." மற்றவர்கள் "பார்த்தேன்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். இறங்கிய பிறகு கம்பியைக் கடக்க நேர்ந்தால், இரண்டு கம்பங்களுக்கு நடுவே தொய்ந்து தாழ்ந்திருக்கும் இடத்தில் கடக்கக் கூடாது. கம்பத்தின் உச்சிக்கு நேர் மேலே போய்த்தான் கடக்க வேண்டும். அங்கே ஒன்றாவது கண்ணுக்குத் தெரியும்.